பாதி வைத்தியம் கேட்ட பெங்

யார் ஆண்டார்கள் என்பதே மறந்துபோன ஒரு காலத்தில், வடக்கே, வெகு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் கல்லாய் இறுகிவிடும் அளவுக்குக் குளிர் அடிக்கிற சீன தேசத்து ஊர் ஒன்றில், பெங் என்றொரு விவசாயி இருந்தான். கேட்கிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதையில் பனி பெய்யப்போகிறது.

பெங் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், சூதாடமாட்டான், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டான். அவனிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். ஒரு வேலை கண்ணில் பட்டால், அதைச் செய்யாமல் இருப்பதற்கான காரணமும் கூடவே கண்ணில் பட்டுவிடும்.

முன்பெல்லாம் அந்தக் காரணங்கள் சின்னச் சின்னதாக இருந்தன. முதுகு பிடித்திருக்கிறது என்பான். செருப்பு கடிக்கிறது என்பான். மழை வரும்போல் இருக்கிறது என்பான். அவன் மனைவி ஷூலான் ஒரு பார்வை பார்ப்பாள். காரணம் பொடிப்பொடியாகிவிடும்.

ஆனால் ஒரு வருஷம், மூலிகை விற்கும் வழிப்போக்கன் ஒருவன் அந்த ஊர்த் தேநீர்க் கடையில் மழைக்கு ஒதுங்கினான். மழை விடும்வரை பேசிக்கொண்டிருந்தான். மனித உடம்பு தனியாக வாழ்வதில்லை, பருவத்தோடு சேர்ந்தே வாழ்கிறது என்றான். வசந்தத்தில் மரம் துளிர்ப்பதுபோல் உடம்பும் துளிர்க்க வேண்டும். கோடையில் மலர வேண்டும். இலையுதிர் காலத்தில் அடங்க வேண்டும். குளிர்காலத்தில் மண்ணுக்குள் கிடக்கும் விதையைப்போல் ஒடுங்கிக் கிடக்க வேண்டும். அந்தந்தப் பருவத்தில் எப்படித் தூங்குவது, எப்படி உழைப்பது, எதை உண்பது என்றெல்லாம் விளக்கமாகச் சொன்னான்.

நல்ல பேச்சு. உண்மையான பேச்சும்கூட. ஆனால் பெங் அதைக் கேட்ட விதத்தில்தான் வில்லங்கம் இருந்தது. ஓய்வைப் பற்றி வழிப்போக்கன் சொன்னபோது பெங் காதைத் தீட்டிக்கொண்டான். உழைப்பைப் பற்றிச் சொன்னபோது எழுந்து இன்னொரு கிண்ணம் தேநீர் வாங்கப் போய்விட்டான்.

அன்று முதல் பெங் வைத்தியம் தெரிந்தவனாகிவிட்டான்.

வசந்தம் வந்தது. தினை விதைக்க வேண்டும். ஷூலான் மண்வெட்டியை எடுத்து நீட்டினாள்.

"வசந்தத்தில் முடியை அவிழ்த்துவிட்டு, இடுப்புக் கச்சையைத் தளர்த்திக்கொண்டு, காலாற நடக்க வேண்டும் ஷூலான். இல்லாவிட்டால் ஈரல் இறுகிவிடும்" என்றான் பெங். குடுமியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்துபோனான்.

கோடை வந்தது. களை எடுக்க வேண்டும். "கோடையில் மனத்தில் கோபம் கூடாது. இதயத்துக்கு ஆகாது. எனக்குக் களையைப் பார்த்தாலே கோபம் வருகிறது" என்றான். மரத்தடியில் பாயை விரித்துக்கொண்டான்.

இலையுதிர் காலம் வந்தது. கதிர் அடிக்க வேண்டும். "இந்தக் காலத்தில் நுரையீரல் பூ மாதிரி. தூசி படக் கூடாது" என்றான். பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்து, கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டான். வேகவைத்தது ஷூலான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்காலத்துக்கு விதி ஒன்று இருந்தது. சீக்கிரம் படு, தாமதமாக எழு, சூரியன் வரும்வரை காத்திரு. இதை மட்டும் பெங் ஒரு இம்மியும் பிசகாமல் கடைப்பிடித்தான். யாராவது கேட்டால், "குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற கரடி என்ன முட்டாளா?" என்று திருப்பிக் கேட்பான்.

சரி, ஷூலானைப் பற்றிச் சொல்கிறேன். அவளைப் பாவம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

ஷூலானுக்கு வருஷத்தில் ஒரே பருவம்தான். அது வேலைப் பருவம். பனி பெய்யும் விடியலில் ஆற்றுக்குப் போய் ஐஸை உடைத்துத் துணி அலசுவாள். உச்சி வெயிலில் களை பறிப்பாள். இலையெல்லாம் பறக்கும் காற்றில் கூரை மேல் ஏறி ஓடு மாற்றுவாள். உடம்பு கெஞ்சினால் உடம்பைத் திட்டுவாள்.

எப்போதாவது, வானத்தில் ஏதோ கிரகம் இடம் மாறிய நாளில், பெங் தானாக எழுந்து ஒரு கதிர்க் கட்டைக் கட்ட உட்காருவான். உடனே ஷூலான் வந்து பிடுங்கிக்கொள்வாள். "கொடுங்கள் இங்கே. நீங்கள் கட்டும் கட்டு வாசலைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும்" என்பாள். பெங்கும் உடனே கொடுத்துவிடுவான். அவள் பிடுங்கப் பிடுங்க அவனுக்கு நிம்மதி. அவன் விட விட அவளுக்குப் பெருமை.

"இந்த வீடு என் இரண்டு கையில்தான் நிற்கிறது" என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தத்தைவிட வேறு ஏதோ ஒன்றுதான் அதிகம் தெரியும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஓர் இலையுதிர் காலத்தின் முடிவில், முட்டைக்கோஸ்களை ஊறுகாய்ச் சாடிக்குள் அடுக்கிக்கொண்டிருந்த ஷூலான், கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சில நாட்களாகவே இருமல் இருந்தது. பாதம் எந்நேரமும் சில்லென்று இருந்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. இவை எதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பெங் உள்ளே வந்து பார்த்தான். பகல் நேரத்தில் ஷூலான் உட்கார்ந்திருப்பதை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

"என்னம்மா?" என்றான்.

"ஒன்றுமில்லை. இந்த முட்டைக்கோஸ் கனமாக இருக்கிறது" என்றாள். அவள் காலடியில் கிடந்தது குழந்தை தூக்கக்கூடிய அளவு முட்டைக்கோஸ்.

பெங் பாலத்தைத் தாண்டி அக்கரைக்கு ஓடினான். பெங் ஓடியதை ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. தேநீர்க் கடையில் இருந்தவர்கள், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாளியைத் தேடினார்கள்.

அக்கரையில் லூ என்ற வைத்தியச்சி இருந்தாள். நடுவயதுக்காரி. கன்னத்தில் எப்போதும் காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு அடக்கியிருப்பாள். முகத்தில் சிரிப்பே வராது. சிரிக்காமல் குறும்பு செய்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அக்கரைக்காரர்களுக்குத் தெரியும். பெங்குக்குத் தெரியாது.

லூ வந்தாள். ஷூலானின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நெடுநேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு மற்ற மணிக்கட்டையும் பார்த்தாள். பிறகு பெங்கைக் கூப்பிட்டு, "உன் கையையும் நீட்டு தம்பி" என்றாள்.

"எனக்கு ஒன்றுமில்லையே வைத்தியரம்மா."

"அதைத்தான் பார்க்கப்போகிறேன்."

பார்த்தாள். ஷூலானின் நாடி, அறுந்துபோகப்போகிற வில் நாண் மாதிரி விறைத்து ஓடியது. பெங்கின் நாடி, குளத்துச் சேற்றில் படுத்துவிட்ட மீன் மாதிரி எப்போதாவது ஒருமுறை அசைந்துகொடுத்தது. ஒரே வீட்டில் இப்படி இரண்டு நாடி எப்படி என்று லூ யோசித்தாள். எந்தெந்தப் பருவத்தில் என்னென்ன செய்வீர்கள் என்று இரண்டு பேரையும் கேட்டாள்.

ஷூலான் சொல்ல ஆரம்பித்து மூச்சு வாங்கி நிறுத்திவிட்டாள். பெங் மகிழ்ச்சியோடு சொன்னான். வசந்தத்து நடை, கோடை நிழல், பேரிக்காய், கரடி எல்லாவற்றையும் சொன்னான்.

லூ மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டாள். "தம்பிக்கு வைத்தியம் தெரியும் போலிருக்கிறதே" என்றாள்.

"ஏதோ, கொஞ்சம்" என்றான் பெங்.

"நல்லதாய்ப் போயிற்று. எனக்குப் பாதி வேலை மிச்சம்."

அவனை வாசலுக்கு அழைத்துப்போனாள். அங்கே அவள் குரல் மாறியது. "கவனமாகக் கேள். எல்லோருக்கும் இடுப்புக்குள் ஒரு கனல் இருக்கிறது. குளிர்காலத்தில் ஓய்ந்து கிடந்து அதைச் சேமிக்க வேண்டும். உன் மனைவி வருஷாவருஷம் குளிர்காலத்திலும் அதைச் செலவழித்துவிட்டாள். இப்போது சாம்பலுக்கு அடியில் ஒரு பொறிதான் இருக்கிறது. இந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் விதை மாதிரிக் கிடந்தால், வசந்தத்தில் எழுந்துவிடுவாள். கிடக்காவிட்டால், வசந்தத்தை நீ மட்டும்தான் பார்ப்பாய்."

"எந்த மருந்தானாலும் சொல்லுங்கள்" என்றான் பெங்.

"மருந்து சுலபம். காய்ச்சுகிற முறைதான் கடினம்" என்று லூ ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "இதைக் கணவன் கையால் பிளந்த விறகில்தான் காய்ச்ச வேண்டும். கணவன் கையால் கொண்டுவந்த தண்ணீரில்தான் காய்ச்ச வேண்டும். கணவன் கையால் குற்றிய தினையில் கஞ்சி வைத்து, அதோடுதான் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு விறகு உதவாது. கூலிக்கு வெட்டிய விறகும் உதவாது. மருந்து கண்டுபிடித்துவிடும்."

"மருந்துக்கு எப்படித் தெரியும்?"

"அது ரொம்பக் கூர்மையான மருந்து" என்றாள் லூ. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

பிறகு அவள் உள்ளே போய் ஷூலானின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஊர்களில் வீட்டுக்குள்ளேயே மண்ணால் மேடை கட்டி, அதற்கு அடியில் தீ மூட்டி, மேலே படுத்துக்கொள்வார்கள். அந்த மேடையில் ஷூலான் படுத்திருந்தாள். படுத்திருந்தாளே தவிர, கண் மட்டும் அடுப்படியிலேயே இருந்தது.

"உனக்குத் தனியாக ஒரு மருந்து இருக்கிறது. அதுதான் ரொம்பக் கசப்பு" என்றாள் லூ. "உன் கணவன் என்ன செய்தாலும், எப்படிச் செய்தாலும், நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. எழுந்திருக்கவும் கூடாது."

"அவர் கஞ்சியைக் கருக்குவார்."

"கருக்குவார்."

"தினையைக் கீழே கொட்டுவார்."

"கொட்டுவார்."

"கோழிக்கூண்டைச் சாத்த மறந்துவிடுவார். நரி வரும்."

"நரிக்கும் குளிர்காலம்தானே" என்றாள் லூ. மடியிலிருந்து ஒரு பை நிறையக் காய்ந்த ஆரஞ்சுத் தோலை எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தாள். "பேச வேண்டும்போல் இருக்கும்போதெல்லாம் இதில் ஒரு துண்டை வாயில் போட்டு அடக்கிக்கொள். இருமலுக்கும் நல்லது."

முதல் பனி விழுந்தது. பெங் கோடாலியை எடுத்தான். ஓங்கி அடித்ததில் கோடாலி கட்டையில் சிக்கிக்கொண்டது. கட்டையோடு சேர்த்துத் தூக்கி அடித்தான். கோடாலி பிடியிலிருந்து கழன்று வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பன்றித் தொட்டியில் போய் விழுந்தது. ஷூலான் சன்னல் வழியாகப் பார்த்தாள். ஆரஞ்சுத் தோலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கஞ்சி கருகியது. இன்னொரு துண்டு. ஊறுகாய்ச் சாடியில் உப்பைப் போட்டுவிட்டு, போட்டோமா இல்லையா என்று தலையைச் சொறிந்து, மறுபடியும் போட்டான். இன்னும் இரண்டு துண்டு. துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பெருக்கினான். அன்றைக்கு அவள் போர்வை முனையையும் சேர்த்துக் கடித்துக்கொண்டாள்.

சில நாளில் பெங் அக்கரைக்கு வந்து லூவின் வாசலில் நின்றான். முகத்தில் பணிவு. நாக்கில் ஒரு விதி.

"வைத்தியரம்மா, குளிர்காலத்தில் உடம்பு வியர்க்கக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். விறகு பிளந்தால் எனக்கு வியர்க்கிறது. உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடுமே என்றுதான் பயமாக இருக்கிறது."

"சரியாகச் சொன்னாய். வியர்க்கவே கூடாது" என்றாள் லூ.

பெங்கின் முகம் மலர்ந்தது.

"அதனால் வேகமாகப் பிளக்காதே. நெற்றியில் ஈரம் தட்டுவதற்கு முன் நிறுத்திவிடு. உடம்பு ஆறியதும் மறுபடி தொடங்கு. மறுபடி நிறுத்து. மறுபடி தொடங்கு. இப்படிச் செய்தால் வியர்க்காமல் நாள் முழுக்கப் பிளக்கலாம்."

பெங் திரும்பிப் போனான். சில நாள் கழித்து இன்னொரு விதியோடு வந்தான்.

"குளிர்காலத்தில் சூரியன் வந்தபிறகுதான் எழ வேண்டும். இது பெரிய விதி. ஆனால் அவளுக்குக் காலையிலேயே மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் விடியுமுன் எழ வேண்டியதாகிறது. விதியை மீறுகிறோமே என்று மனம் உறுத்துகிறது."

லூ கன்னத்திலிருந்த தோலை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றினாள். "மீறவே கூடாது" என்றாள். "சூரியன் வந்தபிறகே எழு. ஆனால் அந்த விதிக்கு முன்பாதி ஒன்று இருக்கிறதே, கேட்டதில்லையா? தாமதமாக எழுகிறவன், முந்தின சாயங்காலமே தண்ணீர் நிரப்பி, தினையைக் குற்றி, மேடைக்கு அடியில் காலைவரை தாங்கும்படி விறகை அடுக்கி, மருந்தைக் காய்ச்சிக் கணப்பின்மேல் வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் தூக்கம் உடம்பில் ஒட்டும்."

"அதை அந்த வழிப்போக்கன் சொல்லவே இல்லையே."

"நீ தேநீர் வாங்கப் போயிருந்தாயோ என்னவோ" என்றாள் லூ.

பெங் திடுக்கிட்டுப்போனான். இவளுக்கு எப்படித் தெரியும் என்று வழியெல்லாம் யோசித்தான். மருந்தைப்போலவே இவளும் கூர்மையானவள் என்று முடிவு செய்துகொண்டான்.

வேலை மெல்லக் கைக்குப் பழகியது. கோடாலி பிடியிலேயே நின்றது. ஷூலான் தூங்கத் தொடங்கினாள். முதலில் கொஞ்சம், பிறகு நிறைய. இருமல் தணிந்தது. எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது.

இங்கேதான் பெங் தவறு செய்தான்.

ஒரு நாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேடையின் சூடு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, பெங் தேநீர்க் கடைக்குப் போனான். போய் நெடுநாளாகியிருந்தது. அங்கிருந்தவர்கள் விசாரித்தார்கள். பெங் சொல்லத் தொடங்கினான். எப்படி விறகு பிளக்கிறான், எப்படிக் கஞ்சி வைக்கிறான், எப்படி மனைவியைக் கண்போல் காக்கிறான் என்று சொல்லச் சொல்ல அவனுக்கே கண் கலங்கியது. கேட்டவர்கள் இன்னொரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்கள். மனைவியைக் காக்கிற கதையைச் சொல்லிக்கொண்டே மனைவியை மறந்துவிட்டான்.

வீட்டில் மேடை ஆறிப்போனது. ஷூலான் விழித்துக்கொண்டாள். குளிர்ந்தது. தாகமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி காலி. ஆரஞ்சுத் தோல் பை என்றைக்கோ தீர்ந்துபோயிருந்தது.

பக்கத்து வீட்டை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஷூலான் இல்லையே. "ஒரு வாளித் தண்ணீர்தானே" என்று எழுந்தாள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது. பார்த்தாயா, கடைசியில் நான்தான் போக வேண்டியிருக்கிறது என்று.

பெங் திரும்பி வந்தபோது, வாசலிலிருந்து ஆற்றுக்குப் போகும் காலடித் தடங்கள் பனியில் இருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

அவன் அங்கே நின்றது ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சில், இனி வரப்போகிற வசந்தம் முழுவதையும் தனியாகப் பார்த்துவிட்டான்.

ஐஸில் வெட்டிய குழிக்குப் பக்கத்தில் ஷூலான் விழுந்து கிடந்தாள். வாளியைக் கை விடவில்லை. தலைமுடியில் பனி சேர்ந்திருந்தது. பெங் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அவள் இவ்வளவு இலேசாக இருப்பாள் என்று அவன் நினைக்கவே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் போய் லூவை அழைத்துவந்தார். லூவின் கன்னத்தில் அன்றைக்கு ஆரஞ்சுத் தோல் இல்லை. ஒரு வேடிக்கைப் பேச்சும் இல்லை. இஞ்சியையும் மாசிபத்திரி என்ற மூலிகை இலையையும் போட்டுத் தண்ணீர் காய்ச்சி, ஷூலானின் பாதத்தை அதில் வைத்து, ஆற ஆற வெந்நீர் ஊற்றச் சொன்னாள். பெங் ஊற்றிக்கொண்டே இருந்தான். பாதம் நீலத்திலிருந்து வெள்ளையானது. வெள்ளையிலிருந்து மெல்ல மெல்லச் சிவந்தது. ஷூலான் கண் திறந்தாள்.

"நான்தான் காரணம். தேநீர்க் கடையில் பெருமை பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்" என்றான் பெங்.

"இல்லை. நான்தான் சொல் கேட்காமல் எழுந்துபோனேன்" என்றாள் ஷூலான்.

"நீ எழுந்துபோனது நான் வராததால்."

"நான் அடுத்த வீட்டைக் கூப்பிட்டிருக்கலாம்."

"தப்பை எடுத்துக்கொள்வதிலுமா பிடுங்கல்?" என்றாள் லூ. "பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பாதி. இதையாவது பங்கு போட்டுப் பழகுங்கள்."

அதன்பிறகு பெங் எந்த விதியையும் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போகவில்லை. மிச்சக் குளிர்காலம் முழுவதும் விறகு பிளந்தான். தண்ணீர் கொண்டுவந்தான். ஆட்டு எலும்பில் இஞ்சி தட்டிப் போட்டுச் சாறு வைத்தான். சாயங்காலமே எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் படுத்தான். அப்படிப் படுத்தபோதுதான், களைத்தவனுக்கு வரும் தூக்கம் வேறு, சும்மா இருந்தவனுக்கு வரும் தூக்கம் வேறு என்று அவனுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் தூங்கியதெல்லாம் தண்ணீர் கலந்த தூக்கம்.

ஷூலானும் கிடந்தாள். இப்போது கண் அடுப்படியில் இல்லை. ஒரு நாள் அவன் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, குறை சொல்ல வாயைத் திறந்தாள். குறை எதுவும் அகப்படவில்லை. கஞ்சி நன்றாக இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. ஆனாலும் இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஆற்றில் ஐஸ் வெடிக்கும் சத்தம் கேட்டது. வசந்தம் வந்துவிட்டது. ஷூலான் எழுந்தாள். முகத்தில் இரத்தம் ஓடியது. எழுந்தவள் நேரே போய் மண்வெட்டியில் கை வைத்தாள்.

அதன் மறு முனையில் பெங்கின் கை இருந்தது.

"வசந்தத்தில் முடியை அவிழ்த்துவிட்டுக் காலாற நடக்க வேண்டும்" என்றான் பெங். "இல்லாவிட்டால் ஈரல் இறுகிவிடும்."

"விதைக்கிறது யார்?"

"நான்."

"நீங்கள் போடும் விதைச் சால் கோணலாக இருக்கும்."

"இருக்கும். தினைக்குக் கோணல் தெரியாது. நீ காலையில் நட. வெயில் ஏறியபின் வந்து என்னோடு கொஞ்சம் விதை. வரும்போது நான் முன்னால் போட்ட சால்களைப் பார்க்காதே, இனிப் போடப்போவதை மட்டும் பார்."

ஷூலான் கொஞ்ச நேரம் மண்வெட்டியை விடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தாள். அந்தப் பாதையில் அவள் எத்தனையோ வருஷம் சுமையோடு போயிருக்கிறாள். கால் வைக்கும் இடத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. வளைவில் வரிசையாகச் சர்க்கரைப் பாதாமி என்ற பழமரங்கள் பூத்திருந்தன. இவற்றை யார், எப்போது நட்டார்கள் என்று எதிரே வந்த பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "உங்கள் மாமனார்தான் நட்டாராம்" என்றாள்.

கோடையில் இரண்டு பேரும் வெயிலுக்கு முன்னால் களை எடுத்தார்கள். பெங்குக்கு இன்னமும் களையைப் பார்த்தால் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் களை மேலேயே காட்டினான். உச்சிவேளையில் இருவரும் நிழலில் உட்கார்ந்து பச்சைப்பயற்றுக் கஞ்சி குடித்தார்கள். இலையுதிர் காலத்தில் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கதிர் அடித்தார்கள். பெங் கட்டிய கட்டு வாசலைத் தாண்டியது. களஞ்சியம்வரைகூடப் போனது.

அறுவடை முடிந்ததும் லூ வந்து இருவரின் நாடியையும் பார்த்தாள். ஷூலானின் நாடி நிதானமாக ஓடியது. பெங்கின் மீன் சேற்றைவிட்டு எழுந்து நீந்திக்கொண்டிருந்தது.

"வைத்தியரம்மா, ஒன்று கேட்க வேண்டும்" என்றான் பெங். "என் கையால் பிளந்த விறகு என்று அந்த மருந்துக்கு எப்படித் தெரிந்தது?"

"மருந்துக்குத் தெரியாது தம்பி. அந்தப் பொட்டலத்தில் இருந்தது இஞ்சியும் இலந்தைப் பழமும் இன்னும் ஏதோ இரண்டு வேரும். உன் பக்கத்து வீட்டு விறகில் காய்ச்சினாலும் கொதித்திருக்கும்."

பெங் ஷூலானைத் திரும்பிப் பார்த்தான். "அப்படியானால் அவளைக் குணமாக்கியது?"

"ஒரு குளிர்காலத் தூக்கம். அவள் தூங்க வேண்டுமானால் யாராவது எழுந்திருக்க வேண்டுமே."

"என்னை ஏமாற்றிவிட்டீர்கள்."

"ஆமாம்" என்றாள் லூ. "ஒரே பொட்டலத்தில் இரண்டு நோயாளிக்கு வைத்தியம். எனக்கும் அப்படி அமைவது அபூர்வம்தான்."

ஷூலான் சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டுப் பெங்கும் சிரித்தான். லூ மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் கன்னத்திலிருந்த தோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேகமாகப் போய்வந்தது.

இந்தக் கதை தேநீர்க் கடைக்குப் போகாமல் இருக்குமா? போயிற்று. அங்கே பொழுதைக் கழிக்கும் ஆண்கள் எல்லோரும் கேட்டார்கள். லூ ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், படுக்கிறது மனைவியாக இருந்தாலும் கோடாலி வருவது கணவன் கைக்கு என்று அவர்களுக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வருஷக் குளிர்காலத்தில், ஊரில் ஏதாவது ஒரு பெண் ஒரு தும்மல் தும்மினால் போதும். அடுத்த கணம் அந்த வீட்டுக் கொல்லையில் விறகு பிளக்கும் சத்தம் கேட்கும். சில பெண்கள் தும்மல் வராதபோதும் தும்மிப் பார்த்தார்கள் என்று கேள்வி. அக்கரையிலிருந்து அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டு, லூ சூரியன் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆகவே கேட்டுக்கொண்டிருந்தவர்களே, ஒவ்வொரு பருவமும் ஓய்வையும் உழைப்பையும் சேர்த்தே கொடுக்கிறது. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறவர் தாமும் கெட்டு, உடன் வாழ்கிறவரையும் கெடுப்பார்.